ரெக்ஸ்டேலுக்கு வந்தால் எங்கே சாப்பிடுவது?

கோடை விடுமுறை தொடங்கினால் எங்கள் வீடுகளுக்கு விருந்தினர் வரத் தொடங்கிவிடுவார்கள். லண்டனிலிருந்து மச்சாள் குடும்பம், பாரிசிலிருந்து சித்தப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து விசா கிடைத்து வரும் அம்மா. பியர்சன் விமான நிலையத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் செய்யும் முதல் காரியம், 401 நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே ஓடுவதுதான். "பசிக்குதோ? கொஞ்சம் பொறுங்கோ, ஸ்காபரோவிலை நல்ல சாப்பாடு எடுப்பம்" என்போம். மாலை நேர நெரிசலில் அந்தக் 'கொஞ்சம்' ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். ரெக்ஸ்டேலோ விமான நிலையத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது.

ஸ்காபரோவின் தமிழ்ச் சாப்பாட்டை நாங்கள் குறை சொல்லவில்லை. கொத்துரொட்டி, இடியப்பம், சொதி, மட்டன் ரோல் என்று அங்கே கிடைப்பதுபோல் இந்த மேற்குப் பக்கத்தில் கிடைக்காது. ஆனால் போன கிழமை வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறியவருக்கு இங்கேயும் இடியப்பம்தானா? ரெக்ஸ்டேலில் வேறொன்று உண்டு. எங்களைப்போலவே பெட்டியோடு வந்திறங்கிய வேறு மக்களின் சமையல். அதை எங்கே தேடுவது, என்ன கேட்டு வாங்குவது, சைவக்காரர் எதில் கவனமாக இருப்பது, காசை எப்படிக் கொடுத்தால் கடைக்காரருக்கு நன்மை என்பவற்றை இங்கே சொல்கிறோம். இந்தப் பகுதியின் சிறு கடைகள் சிலவற்றுக்கு நாங்கள் கணக்கு எழுதுகிறோம். அந்தக் கடைகளின் பெயர்கள் இக்கட்டுரையில் இல்லை.

இடம்

ரெக்ஸ்டேல், ரொறன்ரோவின் வடமேற்கு மூலை. கிழக்கே ஹம்பர் ஆறு, மேற்கே 427 நெடுஞ்சாலை, தெற்கே 401, வடக்கே ஸ்டீல்ஸ். 1950களில் இங்கே வீடுகளைக் கட்டி விற்ற ரெக்ஸ் ஹெஸ்லொப் என்பவரின் பெயரிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது. கார் இல்லாதவர்களுக்கும் இப்போது வழி உண்டு. பிஞ்ச் மேற்கு சப்வே நிலையத்திலிருந்து ஹம்பர் கல்லூரி வரை ஓடும் ஆறாம் இலக்க ரயில் 2025 டிசம்பர் 7ஆம் திகதி ஓடத் தொடங்கியது. அந்தப் பாதைக்காக பிஞ்ச் வீதி வருடக்கணக்காகக் கிண்டிக் கிடந்தது. வாடிக்கையாளர் வாகனம் திருப்ப இடமில்லாமல் கடைகள் பட்ட பாடு அவற்றின் கணக்குப் புத்தகங்களில் தெரிந்தது.

இங்கே நல்ல சாப்பாடு பெரிய கண்ணாடிக் கட்டடங்களில் இருக்காது. அல்பியன், கிப்ளிங், இஸ்லிங்டன், ரெக்ஸ்டேல் பூலவாட் என்று எந்த வீதியில் போனாலும் ஒரு வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி ஒற்றை மாடிக் கடைத்தொகுதி ஒன்று வரும். சலவைக் கடை, காசு அனுப்பும் இடம், முடி வெட்டும் கடை, அவற்றுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக்கடை. பலவற்றில் இருக்கவே இடமிருக்காது. பார்சல் மட்டும்தான்.

காலையில்: சோமாலியர் கடை

1991இல் சோமாலியாவின் அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் பரவியபின், ஆயிரக்கணக்கான சோமாலியர் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். 401க்குச் சற்றுத் தெற்கே டிக்சன் வீதியிலுள்ள உயர்ந்த தொடர்மாடிகள் அவர்களுடைய முதல் ஊராயின. 1983க்குப் பின் எங்கள் சனத்துக்கு வெலஸ்லி வீதித் தொடர்மாடிகள் எப்படியோ, அவர்களுக்கு டிக்சன் அப்படி. இன்று டிக்சன் வீதியிலும் ரெக்ஸ்டேலிலும் சோமாலியர் கடைகள் பல உள்ளன.

காலைச் சாப்பாட்டுக்குப் போனால் 'அஞ்சேரோ' கேளுங்கள். மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுப்பார்கள். மேலே முழுக்கக் கண்கண்ணாக இருக்கும். எங்கள் தோசைக்கும் அப்பத்துக்கும் இடைப்பட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நெய்யும் சீனியும் போட்டு இனிப்பாகவும் சாப்பிடலாம், இறைச்சிப் பிரட்டலோடும் சாப்பிடலாம். கூடவே 'ஷாஹ்' என்னும் பால்தேநீர். ஏலக்காய், கறுவா, கராம்பு, இஞ்சி போட்டுக் காய்ச்சியது.

மதியமென்றால் 'பரீஸ்'. வாசனைச் சரக்குகளோடு சமைத்த சோறும் ஆட்டிறைச்சியும். தட்டின் ஓரத்தில் ஒரு முழு வாழைப்பழம் வைப்பார்கள். முதல்முறை வருபவர்கள் அதைக் கடைசியில் சாப்பிடும் பழம் என்று ஒதுக்கிவைப்பதுண்டு. அப்படியல்ல. சோற்றோடு ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். உறைப்புக்குப் பச்சைமிளகாய் அரைத்த 'பஸ்பாஸ்' இருக்கும். சோற்றுக்குப் பதில் ஸ்பெகெற்றியும் கிடைக்கும். தெற்குச் சோமாலியாவை இத்தாலி ஆண்டதன் மிச்சம் அது. இனிப்பாக 'ஹல்வோ' கேட்டால் எங்கள் மஸ்கற்றின் உறவினரைச் சந்திப்பீர்கள். இரண்டுமே ஓமான் நாட்டு அல்வாவின் வழி வந்தவை. மஸ்கற் என்ற பெயரே அந்த நாட்டுத் தலைநகரின் பெயர்தான்.

பெயர் சொல்லிக் காட்டக்கூடிய கடை ஒன்று, வூட்பைன் குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகே குயின்ஸ் பிளேட் டிரைவில் இருக்கும் 'ஹவாஷ்'. பெயர்ப்பலகையில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும். சோமாலி எழுத்தில் எக்ஸ் என்பது தொண்டையிலிருந்து வரும் 'ஹ' ஒலி. ஹவாஷ் என்றால் சீரகம், மல்லி, மிளகு, ஏலம், கறுவா, கராம்பு, மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைத்த தூள். எங்கள் வீட்டு மிளகாய்த்தூளிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டால் ஏறக்குறைய அதுதான்.

ஊரிலிருந்து வந்த எங்கள் அம்மாவை முதன்முறை ஒரு சோமாலியர் கடைக்குக் கூட்டிப்போனபோது, "மாட்டுச் சட்டியிலை தொட்டிருப்பினம்" என்று கதிரையின் நுனியில் இருந்தா. பரிமாறிய பெண்ணிடம் கேட்டோம். "இது தனிக் கல், தனிக் கரண்டி" என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். நெய்யும் சீனியும் போட்டு இரண்டு அஞ்சேரோ சாப்பிட்டபிறகு அம்மா கேட்ட கேள்வி, "மாவை எத்தனை மணித்தியாலம் வைக்கிறியள்?" மொழிபெயர்க்க நாங்கள் இருந்தோம். ஆனால் கையால் காட்டியே இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

மதியம்: ஜமேக்கா

ஜமேக்காவின் பற்றிஸை ரொறன்ரோவில் எங்கேயும் வாங்கலாம். சப்வே நிலையங்களிலும் விற்கிறார்கள். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சாப்பிட ரெக்ஸ்டேல் போன்ற இடத்துக்குத்தான் வரவேண்டும். எங்கள் பற்றிஸ் எண்ணெய்யில் பொரிப்பது. அவர்களுடையது போறணையில் வேகவைப்பது. மேற்தோல் மஞ்சள் நிறமாக, உதிரும் பதத்தில் இருக்கும். உள்ளே மாட்டிறைச்சி, கோழி அல்லது மரக்கறி. கொஞ்சம் இனிப்பான மிருதுவான 'கொக்கோ பிரெட்' என்னும் பாணுக்குள் அதை வைத்துச் சாப்பிட்டால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது.

இந்தப் பற்றிஸுக்கு ஒரு வழக்கே உண்டு. 1985இல் மத்திய அரசின் அதிகாரிகள், மாட்டிறைச்சிப் பற்றிஸ் என்றால் சட்டப்படி ஹம்பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வட்டம்தான், மாவுக்குள் வைத்து விற்பதை அப்படி அழைக்கக் கூடாது என்று ரொறன்ரோவின் ஜமேக்காக் கடைக்காரர்களிடம் சொன்னார்கள். கடைக்காரர்கள் பணியவில்லை. கடைசியில் 'ஜமேக்கா' என்ற சொல்லை முன்னால் சேர்த்து விற்கலாம் என்று சமரசம் வந்தது. பெப்ரவரி 23ஐ ரொறன்ரோவில் ஜமேக்காப் பற்றிஸ் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஊரில் படித்த பட்டத்தைக் காட்டி, "இது இங்கே பட்டம் இல்லை" என்ற பதிலைக் கேட்ட எங்களுக்கு அந்த வழக்கு நன்றாக விளங்கும்.

சோறு வேண்டுமென்றால் 'ரைஸ் அண்ட் பீஸ்' கேளுங்கள். பச்சைப் பட்டாணி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேங்காய்ப்பாலில் சிவப்பு அவரை விதை போட்டு ஆக்கிய சோறு அது. அதோடு ஆட்டுக்கறி எடுத்தால் எங்கள் நாக்குக்கு அந்நியமாக இராது. அந்தக் கறி ஜமேக்காவுக்குப் போனதே இந்தியக் கூலித் தொழிலாளரோடுதான். 1845இல் அவர்களின் முதற்கப்பல் அங்கே சேர்ந்தது. கரியில் வாட்டிய 'ஜேர்க்' கோழி அவர்களின் தனிச்சிறப்பு. உறைப்பு எங்களுக்குப் பழக்கம்தானே என்று கூடுதலாக மிளகாய்ச் சாறு கேட்காதீர்கள். அவர்கள் போடும் 'ஸ்கொட்ச் பொனட்' எங்கள் செத்தல் மிளகாயைவிடப் பலமடங்கு உறைக்கும்.

கயானா, ட்ரினிடாட்: தூரத்து உறவு

1838இல் கயானாவுக்கும் 1845இல் ட்ரினிடாட்டுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் போகத் தொடங்கின. பெரும்பாலானவை கல்கத்தாவிலிருந்து போயின. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போயின. எங்கள் மலையகத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்த அதே காலம், அதே பசி. மொழி போய்விட்டது, பெயர்கள் மாறிவிட்டன. கறி மட்டும் போகவில்லை.

அவர்கள் கடையில் 'டபிள்ஸ்' கேளுங்கள். மஞ்சள் போட்டுப் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே கடலைக்கறி, மேலே புளிச் சட்னி. கையில் தாளோடு தருவார்கள். நின்றபடியே சாப்பிடலாம். இறைச்சி கலக்காதது, விலையும் குறைவு. 'தால்பூரி' ரொட்டி என்றால் மாவுக்குள் அரைத்த பருப்பு வைத்துத் தட்டியது. அதற்குள் ஆடு, கோழி, பூசணி, உருளைக்கிழங்கு என்று விரும்பியதைச் சுற்றித் தருவார்கள். உங்களைப் பார்த்துவிட்டுக் கடைக்காரம்மா, "உங்கள் ஆட்கள் எந்த ஊர்?" என்று கேட்பார். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். தன் பாட்டனாரின் பாட்டனார் ஏறிய துறைமுகத்தின் பெயரை அவரும் தேடிக்கொண்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமைக்காரருக்கு

கோயில் விரதம், சைவம் என்று இருக்கும் பெரியவர்களோடு வந்தால் இரண்டு இடங்கள் சொல்வோம். ஒன்று, 427க்கும் பிஞ்சுக்கும் அருகே கிளேர்வில் டிரைவில் உள்ள சுவாமி நாராயணர் கோயில். கல்லிலும் பளிங்கிலும் செதுக்கிய இந்தக் கோயில் 2007 ஜூலையில் திறக்கப்பட்டது. கோயிலைப் பார்த்துவிட்டு அதனோடு சேர்ந்த 'ஷாயோனா'வில் குஜராத்திச் சாப்பாடும் இனிப்பும் வாங்கலாம். முழுச் சைவம். வெங்காயம், உள்ளிகூடச் சேர்ப்பதில்லை. காற்சட்டையைக் கட்டையாகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மற்றது, கரியர் டிரைவில் உள்ள சீக்கியர் குருத்வாரா. அங்கே லங்கர் என்னும் பொதுச் சமையல். பருப்பு, ரொட்டி, மரக்கறி. யாரும் வரலாம், காசு வாங்கமாட்டார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தலையை மூடிக்கொண்டு, எல்லோரோடும் வரிசையில் நிலத்தில் இருக்க வேண்டும். ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்குங்கள். தட்டில் மிச்சம் வையாதீர்கள். உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். போகமுன் சமையலறையில் அரை மணித்தியாலம் தட்டுக் கழுவிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவிப் பிழைத்த தலைமுறை நாங்கள். யாரும் மணிக்கணக்குப் பார்க்காத இடத்தில் அதே வேலையைச் செய்துபாருங்கள், கை வேறுவிதமாக ஓடும்.

மற்றக் கடைகளில் சைவம் கேட்கும்போது, "இறைச்சி இல்லாதது" என்று மட்டும் கேட்காதீர்கள். சோற்றை இறைச்சி அவித்த தண்ணீரில் ஆக்கினீர்களா, ஒரே எண்ணெய்யில் பொரித்தீர்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். யாரும் கோபிப்பதில்லை. ஹலால் பார்க்கும் மக்கள் வாழும் ஊர் இது. சாப்பாட்டில் கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

பில் வந்தபிறகு

இது எங்கள் தொழில், ஆகவே கொஞ்சம் கணக்கு. ஒன்ராறியோவில் கடைச் சாப்பாட்டுக்கு 13 வீதம் வரி. ஆனால் முழு பில்லும் 4 டொலருக்கு மேற்படாவிட்டால் 5 வீதம் மட்டுமே. மூன்றரை டொலர் பற்றிஸ் தனியே வாங்கினால் வரி 18 சதம். அதோடு ஒரு சோடா சேர்த்து 4 டொலரைத் தாண்டினால் முழுவதற்கும் 13 வீதம்.

டிப்ஸ் கேட்கும் இயந்திரம் பெரும்பாலும் வரி சேர்த்த தொகைக்கே வீதம் போடுகிறது. 40 டொலர் சாப்பாட்டுக்கு 15 வீதம் 6 டொலர். வரியோடு 45 டொலர் 20 சதத்துக்குப் போட்டால் 6 டொலர் 78 சதம். பரிமாறியவருக்கு அது போகுமென்றால் கொடுங்கள். தெரிந்து கொடுங்கள் என்பதுதான் எங்கள் சொல்.

பெரிய விடயம் வேறு. கைத்தொலைபேசிச் செயலிகளில் ஓடர் பண்ணினால் செயலி நிறுவனம் கடையிடமிருந்து 30 வீதம் வரை எடுக்கலாம். 20 டொலர் சாப்பாட்டில் 6 டொலர். வாடகை, இறைச்சி, சம்பளம், மின்சாரம் எல்லாம் போய் ஒரு சிறு கடைக்கு அந்த 6 டொலர் மிஞ்சுவதே அபூர்வம். ஆகவே நேரே போங்கள், அல்லது தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போய் எடுங்கள். காசாகவோ டெபிட் அட்டையிலோ கொடுங்கள். டெபிட்டுக்குக் கடைக்கு ஆகும் செலவு சில சதம்தான். கடனட்டை என்றால் விற்பனையில் ஒரு பங்கு போய்விடும். எக்ளின்ரன் மேற்கில் பல பத்தாண்டுகள் பற்றிஸ் விற்ற 'ரண்டிஸ்' 2022இல் மூடியபோது பெரிய வரிசையில் நின்று சனம் கடைசிப் பெட்டியை வாங்கியது. வரிசை கொஞ்சம் முன்னரே வேண்டும்.

எங்கள் பழைய கணக்கு

கடைசியாக, இதை ஏன் எழுதுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

1994 பனிக்காலம். கிப்ளிங் வீதியில் ஓர் அறை வீட்டில் நாங்கள் நால்வர் இருந்தோம். பெட்டியில் வர்த்தகப் பட்டம், கையில் அகதிக் கோரிக்கைக் கடதாசி, இரவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கோப்பை கழுவும் வேலை. சாமம் ஒரு மணிக்கு வேலை முடிந்து நடந்து வரும்போது டிக்சன் வீதிப் பக்கம் ஒரேயொரு கடையில் வெளிச்சம் இருக்கும். சோமாலியர் ஒருவரின் தேநீர்க்கடை. டாக்சி ஓட்டுபவர்கள் அங்கே கூடுவார்கள். முதல்நாள் நான்கு பேருக்கு இரண்டு தேநீர் வாங்கினோம். அவர் எங்களைப் பார்த்தார். இரண்டு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்தார், வாழைப்பழத்தோடு. கேட்கவில்லை என்றோம். "வெள்ளிக்கிழமை சம்பளம்தானே, அப்போது தாருங்கள்" என்றார். ஒரு கொப்பியில் எங்கள் பெயர்களை எழுதவில்லை. 'நான்கு தமிழர்' என்று மட்டும் எழுதினார். அந்தப் பனிக்காலம் முழுக்க அந்தக் கொப்பியில்தான் சாப்பிட்டோம்.

சித்திரையில் ஸ்காபரோவில் வீடு கிடைத்தது. இரண்டே நாளில் மாறினோம். கடைசிக் கிழமைக் கணக்கு 34 டொலர் நின்றது. அடுத்த வெள்ளி போகலாம் என்றோம். பிறகு அடுத்த மாதம் என்றோம். இரவு வகுப்பு, கலியாணம், பிள்ளைகள். 2001இல் குடும்பத்தோடு ரெக்ஸ்டேலுக்குத் திரும்பி வந்து தேடியபோது அந்த இடத்தில் வேறு கடை. அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. அவர் கையால் சாப்பிட்ட நாங்களே, பிறகு பிள்ளைகளுக்கு, "அந்தக் கடைப் பக்கம் போகாதை, அங்கை கறுவல்கள் நிப்பினம்" என்று சொல்லி வளர்த்தோம். அதைவிட மோசமான சொல்லும் எங்கள் வீடுகளில் புழங்கியது. அதை இங்கே எழுத மாட்டோம். அதே காலத்தில் பத்திரிகைகள் தமிழ் இளைஞர் என்றாலே கோஷ்டி என்று எழுதியபோது எங்களுக்கு எவ்வளவு நொந்தது! டிக்சன் வீதி மாடியிலிருந்த தாய்க்கும் அப்படித்தான் நொந்திருக்கும் என்று யோசிக்க எங்களுக்குப் பல வருடம் எடுத்தது.

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், கடன் கொடுத்தவர் காணாமற் போனாலும் கடன் காணாமற் போவதில்லை. புத்தகத்தில் அது நிற்கும். அந்த 34 டொலரை நாங்கள் யாருக்கும் கொடுத்துத் தீர்க்க முடியாது. எங்களால் முடிந்தது, வருகிற விருந்தினரை ஸ்காபரோவுக்கு ஓட்டிப் போகமுன் இங்கே இறக்கி, இந்த மேசைகளில் இருத்துவதுதான்.

அடுத்தமுறை பியர்சனில் யாரையாவது ஏற்றினால் 401இல் கிழக்கே திரும்பாமல் ஒருமுறை இந்தப் பக்கம் வாருங்கள். கடைகள் நேரம் மாற்றுவதுண்டு, போகமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தைக் கடைசிக்கு வையாதீர்கள்.